காதுத் தாளில் மூன்றாவது ஆள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. தினமும் மத்தியானம் லோடு ஆட்டோவை டோல்கேட் பக்கம் ஒரு வாதாம் மர நிழலில் நிறுத்திவிட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். கடல் காற்று வரும். கண் சொருகும். விழித்துப் பார்த்தால் நோட்டின்மேல் ஒரு வாதாம் இலை மட்டும் கிடக்கும். அதையே அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான் எழுதுவதைவிடச் சுருக்கமாக இருக்கும்.

கேட்டவர் நித்யா மேடம். ஒரு பதிப்பகத்தில் எடிட்டர். அவரிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், வந்து குவிகிற புத்தக ப்ரபோசல்களைப் படித்துப் படித்து மண்டை காய்ந்து கிடக்கிறார்களாம். இப்போதெல்லாம் போனில் தலைப்பைச் சொன்னால் பத்து நிமிடத்தில் ப்ரபோசல் வந்து விழுந்துவிடுகிறது. எல்லாம் பளபளவென்று இருக்கிறது, எது புத்தகமாகும் எது ஆகாது என்று தெரியவில்லை, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். அந்தக் காலமாம். எனக்கு வயது முப்பத்தொன்று. ஆனால் ஒன்பது வருடம் பார்த்த வேலையை விட்டு வந்துவிட்டதால் நானும் ரிட்டயர்டுதான். பென்ஷன் கிடையாது, மத்தியானத் தூக்கம் உண்டு.

அவர் காட்டிய ஒரு ப்ரபோசலில் 'யார் வாங்குவார்கள்' என்ற தலைப்புக்குக் கீழே 'அனைத்துத் தரப்பு வாசகர்களும்' என்று இருந்தது. அதைப் படித்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன். ஜெயந்தி மேடம் மட்டும் இதைப் பார்த்திருந்தால், "ஏல சேகரு, அனைத்துத் தரப்புன்னு ஒரு ஆளு டோல்கேட்ல எந்தத் தெருவுல இருக்கான்? போய்க் கூட்டிட்டு வா" என்று என்னைப் படியிறக்கி விட்டிருப்பார்.

ஜெயந்தி மேடம் என் முதலாளி. திருநெல்வேலிக்காரர். வீட்டுக்காரருக்குச் சென்னை வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். மேடம் ஒரு பெரிய பதிப்பகத்தில் இருபது வருடம் எடிட்டராக இருந்துவிட்டு, டோல்கேட் அருகே சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை எடுத்து உட்கார்ந்தார். கதை, கவிதை பக்கம் போக மாட்டார். தொழில் தெரிந்தவர்கள், தான் அறிந்ததைப் புத்தகமாக்க ஆசைப்பட்டு வருவார்கள். புத்தகத்தை முழுதாக எழுதுவதற்கு முன்பே, இது இன்ன புத்தகம், இதை இன்னார் எழுதுகிறார், இன்னார் வாங்குவார் என்று பதிப்பகத்துக்குச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ப்ரபோசல் தாள்கட்டைத் தயாரித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. தமிழ் டைப்பிங் கைவிடவில்லை. அப்படித்தான் நான் அந்த மாடி ஏறினேன். முதல் ஒரு வருடம் டீ வாங்கினேன், டைப் அடித்தேன், திட்டு வாங்கினேன். பயிற்சி முடிந்தது.

முதல் தாளில் புத்தகம் என்ன என்பது ஒரே பத்தியில் இருக்க வேண்டும். அதை மேடம் நின்றுகொண்டுதான் படிப்பார். படித்து முடிப்பதற்குள் அவருக்கு உட்காரத் தோன்றினால் பத்தி நீளம் என்று அர்த்தம். அப்புறம், இதை எழுத இந்த ஆளுக்கு என்ன தகுதி என்று ஒரு தாள். அத்தியாயங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. கடையில் ஏற்கெனவே இருக்கிற புத்தகங்கள் எவை, அவற்றில் இல்லாதது இதில் என்ன. எத்தனை பக்கம், எத்தனை படம், எப்போது முடியும். கடைசியாக மாதிரிக்கு ஒரு அத்தியாயம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாள் குத்தப்பட்டிருக்கும். அது எங்கள் ஆபீசில் மட்டும் இருந்த வழக்கம். மேடம் அதைக் காதுத் தாள் என்பார். மாதிரி அத்தியாயத்தை, எழுதியவருக்குச் சொந்தமில்லாத ஐந்து பேரிடம் போய் வாய்விட்டுப் படிக்க வேண்டும். யார் வாங்குவார்கள் என்று சொல்கிறோமோ அந்த ஆட்கள். படிப்பது என் வேலை. எந்த வரியில் குறுக்கே பேசினார், எங்கே கொட்டாவி விட்டார், எங்கே எழுந்து போனார் என்று பெயர், தெருவோடு எழுத வேண்டும். பதிப்பகங்கள் எங்கள் கட்டை முதலில் பிரித்ததற்குக் காரணம் அந்தத் தாள்தான்.

கடவுளே, அது என்ன வேலை! ராயபுரத்தில் கயிற்றுக்கடை வாசலில், வெயில் தார்ப்பாய் மாதிரி கவிந்திருக்கிற மூன்று மணிக்கு, கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து யாரோ ஒருவரின் வாழ்நாள் அறிவை நான் படிப்பேன். கேட்பவர் கண் என்மேல் இருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பார். தூரத்தில் துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத கப்பல்கள் வரிசையாக நிற்கும். படிக்கப் படிக்க நானே என் குரலைவிட்டு விலகி அந்தக் கப்பல் பக்கம் போய்விடுவேன். ஒருமுறை துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவரின் அத்தியாயம். 'இரண்டாம் பக்கத்தில் கேட்டவர் தூங்கினார். மூன்றாம் பக்கத்தில் நானும்' என்று எழுதிவைத்தேன். குமாஸ்தா மாடியேறி வந்து மேடத்திடம் நியாயம் கேட்டார். மேடம் என்னைத் திட்டவில்லை. இரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி படிக்க அனுப்பினார். அந்தப் புத்தகம் வந்தது.

இனி இஸ்மாயில்.

இஸ்மாயிலும் நானும் தண்டையார்பேட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கணக்கில் தோற்றவர்கள். நான் டைப்பிங்குக்குப் போனேன், அவன் காசிமேட்டில் படகு எஞ்சின் மெக்கானிக் ஆனான். நான் வாயால் பிழைப்பவன். அவன் பத்து ஸ்பேனர் திருப்பினால் ஒரு வார்த்தை பேசுவான். அப்படிப்பட்டவன் ஒருநாள் சைக்கிள் கடை மாடி ஏறி வந்து, புத்தகம் போடணும் மாமு என்றான். எதுக்கு, உன் கல்யாண ஆல்பமா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அவன் சர்வீஸ் பார்த்த ஒரு படகு, கடலுக்குள் போன இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. படகில் ஐந்து பேர். எல்லோருக்கும் வலை தெரியும், கடல் தெரியும், ஒருவருக்கும் எஞ்சின் தெரியாது. எஞ்சின் தெரிந்த டிரைவர் அந்தத் தடவை காய்ச்சலில் கரையிலேயே தங்கிவிட்டார். மூன்று நாள் மிதந்தார்கள். இரண்டாம் நாள் ஒரு கப்பல் கிட்டத்தில் தெரிந்தது. காலை வெளிச்சத்தில் கப்பல் அப்படித்தான் தெரியும், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. டேவிட் அண்ணன் என்பவர் நீந்திப் போய்க் கூட்டி வருகிறேன் என்று குதித்தார். இஸ்மாயிலோடு தினமும் டீ குடித்தவர். மற்ற நால்வர் மட்டும் இன்னொரு படகால் இழுத்து வரப்பட்டார்கள். கரையில் இஸ்மாயில் திறந்து பார்த்தான். டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தது. அவ்வளவுதான். கால்மணி நேர வேலை. ஸ்பேனர் ஒன்று போதும்.

கடலில் எஞ்சின் நின்றால் எஞ்சின் தெரியாதவன் என்ன செய்ய வேண்டும். அதுதான் புத்தகம். மேடம் நின்றபடியே கேட்டுவிட்டு உட்காரவில்லை. கடையில் இதுபோல் ஒரு புத்தகமும் இல்லை. அந்த வாரமே வேலையைத் தொடங்கச் சொன்னார்.

ஒரு மாதம் அவன் பேசினான், நான் போனில் பதிவு செய்தேன். வலைக் குவியலின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுவான். வானத்தைப் பார்த்தால்தான் அவனுக்கு வார்த்தை வந்தது. நான் பக்கத்தில் படுத்துக் கேட்பேன். படகுகள் ஒன்றோடொன்று உரசி முனகும். மீன் நாற்றம் கொஞ்ச நேரத்தில் நாற்றமாக இருக்காது, போர்வை மாதிரி ஆகிவிடும். எத்தனையோ பேருக்கு டைப் அடித்திருக்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது அந்த ஒரு மாதம்தான். முடித்த அன்று அவன், இதுக்கு மேல என்னால பேச முடியாது மாமு, இது ஒருவாட்டிதான் வரும் என்றான்.

மாதிரி அத்தியாயம், குழாயில் புகுந்த காற்றை எடுப்பது. உட்கார்ந்து அடித்தேன். அங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. அவன் பேச்சில் கீது, வந்துகினு, பூந்துக்கும் எல்லாம் இருந்தது. நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் புத்தகத்தில் அப்படி இருந்தால் படிக்கிறவன் சிரிப்பான் என்று தோன்றியது. ஊரையெல்லாம் கிண்டல் செய்கிறவனுக்குத் தன்னை எவனாவது கிண்டல் செய்துவிடுவானோ என்ற பயம் மற்றவர்களைவிட அதிகம். அவன் ஒரு பக்கம் பேசியதை நான் ஒரே வரியாக்கினேன்: 'திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை இயக்கி, குழாயிலுள்ள காற்று முழுவதும் வெளியேறிய பின் திருகாணியை இறுக்கவும்.' எழுதிவிட்டுப் பத்துத் தடவை படித்தேன். தேன் மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் என்னைப் பாஸ் போட்டிருப்பார்கள்.

அந்தத் தேனை ஐந்து பேரிடம் எடுத்துப் போக எனக்கு மனசு வரவில்லை. எவனாவது ஒருத்தன் பீடியை எடுத்துவிட்டு, இன்னா நைனா சொல்ற என்று கேட்டுவிடுவான். பதிப்பகத்தில் ஒப்புதல் கூட்டம் அடுத்த வாரம் என்று மேடம் அவசரப்படுத்தினார். காதுத் தாளை நானே உட்கார்ந்து நிரப்பினேன். ஐந்து பெயர், ஐந்து தெரு. இரண்டு இடத்தில் குறுக்கே பேசினார்கள் என்று நம்பும்படி போட்டேன். மூன்றாவது ஆளாக 'மூர்த்தி, படகுத் தொழிலாளி, எர்ணாவூர். கடைசி வரியில் ஆகா என்றார்' என்று எழுதினேன். அந்த ஆகா என்னுடையது.

கட்டை அனுப்பும் முன் எழுதியவர் ஒரு பிரதியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இஸ்மாயில் வீட்டுக்கு எடுத்துப் போனான். மறுநாள் கையெழுத்தோடு கொண்டுவந்து கொடுத்தான். எப்படி மாமு என்றேன். நல்லா கீது என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவன் எப்போதும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் நித்யா மேடத்திடமிருந்து போன். ப்ரபோசல் பிடித்திருக்கிறது, கூட்டத்தில் வைப்பதற்குமுன் காதுத் தாளில் இருக்கிற மூன்றாவது ஆளைப் பார்க்க வேண்டும், இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அவர் எஞ்சினைச் சரிசெய்வதை நேரில் பார்க்கிறேன், வியாழக்கிழமை காசிமேட்டுக்கு வருகிறேன் என்றார். அதுவரை எந்தப் பதிப்பகமும் காதுத் தாளில் இருந்த ஒருவரையும் பார்க்கக் கேட்டதில்லை. ஐந்து பேரில் ஏன் மூன்றாவது என்று வேறு எனக்குப் புரியவில்லை.

புதன்கிழமை முழுவதும் ஒரு மூர்த்தியைத் தேடி அலைந்தேன். கடைசியில் ஐஸ் உடைக்கிற இடத்தில் சூசை என்று ஒருவர் சிக்கினார். நாற்பது வயதிருக்கும். படகில் வலை இழுப்பவர். எஞ்சின் பக்கம் போனதில்லை என்றார். நாளை ஒரு மணி நேரம் நீங்கள் மூர்த்தி என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, டீயும் பன்னும் மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை காலை. நித்யா மேடம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் இறங்கினார். ஜெயந்தி மேடமும் வந்திருந்தார். இஸ்மாயில் முன்கூட்டியே ஃபில்டரைத் திறந்து குழாயில் காற்றேற்றி, எஞ்சினை நிறுத்தி வைத்திருந்தான். கடலில் நின்ற அதே மாதிரி. நித்யா மேடம், மூர்த்தி சார், ஆரம்பிக்கலாமா என்றார். சூசை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இடுப்பில் ஒரு குத்துவிட்ட பிறகுதான் தான் மூர்த்தி என்பது அவருக்கு நினைவு வந்தது.

என் வரியை நான் படித்தேன். சத்தமாக, அழகாகப் படித்தேன். சூசை திருகாணியைத் தளர்த்தினார். எவ்வளவு என்று என் வரியில் இல்லை. தளர்த்திக்கொண்டே போனார். அது கழன்று, டிங் என்று ஒரு சத்தத்தோடு படகின் அடிப்பள்ளத்தில் தேங்கிய கறுப்புத் தண்ணீருக்குள் போயிற்று. எல்லோரும் அந்தத் தண்ணீரையே பார்த்தோம். இஸ்மாயில் சட்டைப்பையிலிருந்து அதே அளவில் இன்னொன்றை எடுத்து நீட்டினான். மறுபடி படித்தேன். கைப்பம்பை அமுக்கினார். எண்ணெய் எட்டிப் பார்த்ததும் காற்று போய்விட்டது என்று நினைத்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு, பொறுமையாகத் திருகாணியை இறுக்கினார். செல்ஃப் போட்டோம். எஞ்சின் இருமியது, நின்றது. இன்னொரு தடவை. பேட்டரி சோர்ந்து போகிற சத்தம் வந்தது.

நித்யா மேடம் பக்கத்தைப் பார்த்தார், சூசையைப் பார்த்தார்.

"மூர்த்தி சார், இந்தப் பக்கத்தை நீங்க ஏற்கெனவே கேட்டிருக்கீங்கல்ல?"

சூசை என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த எண்ணெயை லுங்கியில் துடைத்தார்.

"நான் மூர்த்தி இல்ல மேடம். சூச. இத்த இன்னிக்கிதான் கேக்கறேன். ஒண்ணுமே புரில."

தலையை நிமிர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து பேரும் பொய் என்றேன். ஜெயந்தி மேடம் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டின் மேலிருந்த காதுத் தாளை ஊசியோடு உருவினார், நான்காக மடித்தார், கைப்பைக்குள் வைத்தார்.

"இது எங்க ஆபீஸ் தாள் இல்லம்மா. எடுத்துக்கிடுதேன். அந்தப் பையனோட புத்தகத்த மட்டும் பாருங்க."

அந்த மாதிரி குரலில் அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. அது எனக்காக இல்லை என்பதும் தெரிந்தது. இது ஒருவாட்டிதான் வரும் என்று வானத்தைப் பார்த்துச் சொன்னவனுடைய புத்தகம், என் தேன் வரியால் அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

நித்யா மேடம் இஸ்மாயிலிடம், நீங்களே இவருக்குச் சொல்லித் தாருங்கள், பார்க்கலாம் என்றார். இஸ்மாயில் தலையாட்டி மறுத்தான்.

"நான் வாய தொறக்க மாட்டேன் மேடம். அங்க கடல்ல நான் கூட கீறனா?" என் பக்கம் திரும்பினான். "உன் போன்ல கீதுல்ல மாமு. அத்த போடு."

போட்டேன். படகு முனகுகிற சத்தத்துக்குமேல் அவன் குரல், வானத்தைப் பார்த்துப் பேசிய அதே குரல், மெதுவாக வந்தது.

"நட்ட அர சுத்து லூஸ் பண்ணு. அர சுத்துதான். கழட்டாத, கீய வுய்ந்துட்ச்சின்னா கெடிக்காது. இப்ப பம்ப அமுக்கு. நொர வரும். பயந்துடாத, நொரதான் காத்து. நொர வர்ற வரிக்கும் அமுக்கினே இரு. கொஞ்ச நேரத்துல நொர நின்னுட்டு எண்ண மட்டும் நூலு மாரி வரும். கைய எடுக்காத. ஒரு கையால அமுக்கிகினே இன்னொரு கையால நட்ட டைட்டு பண்ணு. கைய எட்த்துட்டு டைட்டு பண்ணா காத்து திரும்ப உள்ள பூந்துக்கும். அவ்ளோதான். அவசரம் இல்ல. கப்பலு எதுனா கிட்ட தெரிஞ்சா பாக்காத. இத்த மட்டும் பாரு."

கடைசி இரண்டு வரிகளை நான் டைப் அடிக்கவே இல்லை. எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விட்டிருந்தேன்.

சூசை அமுக்கினார். நுரை வந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தார். நூல் வந்தது. கையை எடுக்காமல் இறுக்கினார். செல்ஃப் போட்டதும் எஞ்சின் ஒருமுறை குலுங்கிப் பிடித்துக்கொண்டது. புகை போனது. படகின் கொடிக்கம்பத்தில் இருந்த காக்கைகள் எழுந்து, ஒரு வட்டம் போட்டு, அதே இடத்தில் உட்கார்ந்தன. சூசை எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். எங்களுக்கெல்லாம் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இவ்ளோதானா பாய்?"

"இவ்ளோதாண்ணே" என்றான் இஸ்மாயில்.

மேலே ஏறி வந்தபின் அவன் சொல்லித்தான் தெரிந்தது. அந்த மூன்று நாள் மிதந்து வந்த நால்வரில் சூசை ஒருவர். கரையில் அத்தனை பேர் இருக்க, நான் ஒரு டீக்கும் பன்னுக்கும் பிடித்து வந்தது அவரை.

நித்யா மேடம் என் அத்தியாயத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இஸ்மாயில் பேசினபடியே அடித்து, அந்தக் கப்பல் வரியையும் சேர்த்து அனுப்புங்கள், காதுத் தாளில் முதல் பெயராகச் சூசையைப் போடுங்கள், கூட்டத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்றார். அந்த ஒரு மாதமும் ஜெயந்தி மேடம் என்னோடு வேலை தவிர வேறெதுவும் பேசவில்லை. ஐந்து பேர் போதும் என்கிற இடத்தில் பன்னிரண்டு பேருக்குப் படித்தேன். சிரிப்பார்கள் என்று பயந்தேனே, ஒருவரும் சிரிக்கவில்லை. எர்ணாவூரில் ஒருவர் மட்டும், இது நம்மாளு பேசறானே, புக்குல எப்டி பூந்தான் என்று கேட்டார். அதையும் எழுதிவைத்தேன். கூட்டம் முடிந்த அன்று மேடம் மாடியில் நின்றபடியே ஒப்புதல் கடிதத்தைப் படித்துவிட்டு, டீ வாங்கிட்டு வால என்றார். நான் மன்னிக்கப்பட்டேன் என்று புரிந்தது.

புத்தகம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பிளாஸ்டிக் உறை போட்டது, நனையாது. காசிமேட்டில் பல படகுகளில் சாமி படத்துக்கும் மாதா படத்துக்கும் பக்கத்தில் செருகியிருக்கிறார்கள். மேடம் மகளோடு இருக்க கோயம்புத்தூர் போனபிறகு மாடி அறை பூட்டிக்கொண்டது. நான் லோடு ஆட்டோ வாங்கினேன். இப்போதும் எண்ணூர் பக்கம் சரக்கு இறக்கிவிட்டு வரும்போது கடலில் கப்பல்கள் கையெட்டும் தூரத்தில் நிற்கிற மாதிரி தெரியும். நான் பார்க்காமல் ஓட்டுவேன்.

நித்யா மேடத்தின் புது ஆட்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். போன் தருகிற ப்ரபோசலும் தேன் மாதிரிதான் இருக்கும். எடுத்துக்கொண்டு போய் ஐந்து பேரிடம் வாய்விட்டுப் படியுங்கள். கொட்டாவியை எழுதிவையுங்கள்.

இதை அனுப்புவதற்குமுன் இஸ்மாயிலுக்குப் போனில் அனுப்பினேன். எழுதியவருக்கு ஒரு பிரதி காட்டுவதுதான் வழக்கம், இதில் பாதி அவன் எழுதியது. கூடவே, அந்த எடிட்டரம்மா கரெக்டா மூணாவது ஆளை ஏன் கேட்டாங்கன்னு இன்னும் புரியல மாமு என்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"ஆகான்னு எந்த போட்டுக்காரன் சொல்லுவான்? கேக்கச் சொல்லி அவங்களுக்கு போன் போட்டதே நான்தான் மாமு."